பதவி பறிபோவது ஒரே நாளிலா, இரண்டு மாதத்திலா?

ஒரே மாதிரித் தண்டனை பெற்ற இரண்டு மக்கள் பிரதிநிதிகளில் ஒருவருடைய பதவி மறுநாளே போய்விடுகிறது, மற்றவர் வாரக்கணக்கில் நாற்காலியிலேயே இருக்கிறார், முன்னவருடைய செய்தி முதல் பக்கத்திலும் பின்னவருடையது உள்பக்கத்திலும் வருகிறது, "மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது சட்டத்திலேயே எழுதியிருக்கிறதா, இல்லை என் கட்சிப் பற்றுதான் என் கண்ணை மறைக்கிறதா" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சட்டம் ஆளுக்கு ஆள் மாறுகிறதா, அதை நடைமுறைப்படுத்துகிறவர்களின் கை ஆளுக்கு ஆள் மாறுகிறதா, எழுதுகிறவர்களின் பேனா மாறுகிறதா என்பவையே அவை. நான் ஆறு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழின் இரவுப் பணியில் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, அதன்பின் பத்தொன்பது ஆண்டுகளாகக் குற்றவியல் மேல்முறையீடுகளை நடத்திவருகிறேன். அரசமைப்புச் சட்டம் என் தனித்துறை அன்று. ஆனால் இந்தக் கேள்வியில் பெரும்பகுதி குற்றவியல் நீதிமன்றத்தின் படிக்கட்டிலேயே தீர்மானமாகிவிடுவது என்பதால் பதில் சொல்லத் துணிகிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆவது பிரிவு கட்சி பார்ப்பதில்லை. எந்தக் குற்றமானாலும் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால் தகுதியிழப்பு உண்டு, விடுதலையான பிறகும் ஆறு ஆண்டுகளுக்கு அது தொடரும். ஊழல் தடுப்புச் சட்டம் உள்ளிட்ட சில குற்றங்களில் தண்டனையின் அளவு ஒரு பொருட்டே இல்லை, வெறும் அபராதம் விதிக்கப்பட்டாலும் ஆறு ஆண்டுகள் போய்விடும். பதவியில் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால் அது முடியும்வரை பதவியில் நீடிக்கலாம் என்று அதே பிரிவில் ஓர் உட்பிரிவு இருந்தது. உண்மையான மண்குடம் அதுதான். பதவியில் இல்லாதவருக்கு ஒரு நீதியும் இருப்பவருக்கு ஒரு நீதியும் சட்டப் புத்தகத்திலேயே அச்சிடப்பட்டிருந்தன. லில்லி தாமஸ் வழக்கில் 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உட்பிரிவை நீக்கியது. அதைத் திரும்பக் கொண்டுவர அன்றைய காங்கிரஸ் கூட்டணி அரசு தயாரித்த அவசரச் சட்டத்தைக் கிழித்தெறிய வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னவர் ராகுல் காந்தி. பத்தாண்டு கழித்து அதே தீர்ப்பு அவர் மீதே பாய்ந்தது.

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு, தண்டனை அறிவிக்கப்பட்ட அந்தக் கணமே இடம் காலியாகிவிடுகிறது. சபாநாயகர் கையெழுத்துக்காகச் சட்டம் காத்திருப்பதில்லை. நடைமுறையிலோ, அவைச் செயலகம் அறிவிக்கை வெளியிடும் வரையில் இடம் காலியானது யார் கணக்கிலும் ஏறுவதில்லை. அந்த அறிவிக்கையை எத்தனை நாளுக்குள் வெளியிட வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. நீங்கள் கண்ட வேறுபாடு முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான் குடியிருக்கிறது.

2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து உத்தரப் பிரதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விக்கென்றே நடந்ததுபோல் இருக்கும். அக்டோபர் 11 அன்று, கதௌலி தொகுதியின் பா.ஜ.க. உறுப்பினர் விக்ரம் சைனிக்கு 2013 முசாபர்நகர் கலவரம் தொடர்பான வழக்கில் இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பதினாறு நாள் கழித்து, அக்டோபர் 27 அன்று, ராம்பூர் தொகுதியின் சமாஜ்வாதி உறுப்பினர் ஆசம் கானுக்கு வெறுப்புப் பேச்சு வழக்கில் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆசம் கானின் தொகுதி மறுநாளே காலியானதாக அறிவிக்கப்பட்டுவிட்டது, சைனியின் தொகுதி பற்றிப் பேச்சே இல்லை. ராஷ்ட்ரீய லோக் தளத் தலைவர் ஜெயந்த் சௌத்ரி, ஒரே சட்டத்துக்கு ஏன் இரண்டு வேகம் என்று கேட்டுச் சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார். தகுதியிழப்பைத் தாம் செய்வதில்லை, அது தீர்ப்பினாலேயே ஏற்பட்டுவிடுகிறது என்ற பொருளில் சபாநாயகர் பதில் சொன்னார். சட்டப்படி அந்தப் பதில் சரியே. ஆனால் அது சைனிக்கும் பொருந்தும் அல்லவா என்று பத்திரிகைகள் கேட்கத் தொடங்கிய பிறகுதான், நவம்பர் மாதத்தில், கதௌலியும் காலியானதாக அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 5 அன்று இரண்டு தொகுதிகளுக்கும் ஒன்றாக இடைத்தேர்தல் நடந்தது. ராம்பூரை பா.ஜ.க.வும் கதௌலியை லோக் தளமும் வென்றன.

இது ஒற்றைச் சம்பவம் அல்ல. உன்னாவ் பாலியல் வன்கொடுமை வழக்கில், பா.ஜ.க. சார்பில் உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்துக்குத் தேர்வாகியிருந்த குல்தீப் சிங் செங்காருக்கு 2019 டிசம்பர் 20 அன்று ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, அவர் தொகுதி காலி என்ற அறிவிக்கை 2020 பிப்ரவரி இறுதியில் வந்தது. ராகுல் காந்திக்கு அவதூறு வழக்கில் சூரத் நீதிமன்றம் 2023 மார்ச் 23 அன்று தண்டனை விதித்தது, அறிவிக்கை மார்ச் 24 அன்றே வந்துவிட்டது. ஒன்றில் இரண்டு மாதம், மற்றொன்றில் ஒரு நாள். இதை வைத்து, ஆளுங்கட்சிக்காரருக்கு நத்தை, எதிர்க்கட்சிக்காரருக்குக் குதிரை என்று நீங்கள் முடிவுகட்டினால் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாசலைத் தாண்டி நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பாருங்கள். ஜெயலலிதாவுக்கு பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் 2014 செப்டம்பர் 27 அன்று நான்காண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. முதல்வர் பதவி அன்றே போனது, ஆனால் ஸ்ரீரங்கம் காலி என்ற அறிவிக்கை வர ஒரு மாதத்துக்கும் மேலாயிற்று. அப்போது ஆட்சி அ.தி.மு.க.வுடையது. அமைச்சராக இருந்த பொன்முடிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 டிசம்பர் 21 அன்று மூன்றாண்டு விதித்தது, திருக்கோயிலூர் காலி என்ற அறிவிப்பு 2024 மார்ச் மாதம்தான் வந்தது. அப்போது ஆட்சி தி.மு.க.வுடையது. ஆக, நத்தை யாருடைய வளர்ப்புப் பிராணியும் அன்று. அவைச் செயலகம் எவர் கையில் இருக்கிறதோ அவருக்கு அது கட்டுப்படுகிறது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன், கட்சியைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. லட்சத்தீவின் அன்றைய தேசியவாத காங்கிரஸ் மக்களவை உறுப்பினர் முகமது பைசலுக்கு 2023 ஜனவரி 11 அன்று கொலை முயற்சி வழக்கில் பத்தாண்டு விதிக்கப்பட்டது, இரண்டே நாளில் பதவி பறிபோனது. ஜனவரி 25 அன்று கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பதவியைத் திருப்பிக் கொடுக்கவோ மார்ச் 29 வரை ஆயிற்று, அதுவும் அவர் உச்ச நீதிமன்றக் கதவைத் தட்டி, வழக்கு விசாரணைக்கு வரவிருந்த நாளன்று காலையில். ராகுல் காந்திக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை தடை கொடுத்தது, திங்கட்கிழமை அவர் மக்களவைக்குள் இருந்தார். இருவருமே எதிர்க்கட்சிக்காரர்கள். வேறுபாடு கட்சியில் இல்லை, நாடே ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, மற்றவரை யாரும் பார்க்கவில்லை. கதௌலிக் கோப்பு நகர்ந்ததும் கேள்வி எழுந்த பிறகே என்பதை இதனுடன் சேர்த்துப் பாருங்கள். குடத்தை உடைத்தது யார் என்பதோடு, உடைந்த சத்தம் எத்தனை பேர் காதில் விழுந்தது என்பதும் கணக்கில் சேர்கிறது. அதனால்தான், தண்டனையில் பாரபட்சம், செய்தியில் பாரபட்சம் என்று நீங்கள் தனித்தனியாகக் கேட்ட இரண்டையும் நான் ஒன்றாகவே பார்க்கிறேன்.

அதே சமயம், பாரபட்சம் என்று சொல்லப்படுபவற்றில் சிலவற்றை நான் ஏற்கமாட்டேன். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இரண்டு விதமான நிவாரணம் கேட்கலாம். தண்டனையை நிறுத்தி வைப்பது ஒன்று, குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்தி வைப்பது மற்றொன்று. முதலாவது கிடைத்தால் சிறைக்குப் போக வேண்டாம், ஆனால் பதவி போனது போனதுதான். இரண்டாவது கிடைத்தால்தான் பதவி திரும்பும். செய்தித்தாள்கள் இரண்டையுமே "தண்டனைக்குத் தடை" என்று எழுதிவிடுகின்றன, படிப்பவருக்குத் தலை சுற்றுகிறது. தமிழக விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த பாலகிருஷ்ண ரெட்டிக்கு 1998ஆம் ஆண்டுக் கல்வீச்சு வழக்கில் 2019 ஜனவரி 7 அன்று மூன்றாண்டு விதிக்கப்பட்டபோது, தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டதால் அவர் சிறைக்குப் போகவில்லை. ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்புக்குத் தடை கிடைக்காததால் அமைச்சர் பதவியோடு ஓசூர் தொகுதியும் போயிற்று. பொன்முடிக்கு 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் கிடைத்தது இரண்டாவது வகை நிவாரணம், அதனால் அவர் திரும்பி வந்தார். (அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைக்க ஆளுநர் மறுத்ததும், உச்ச நீதிமன்றம் கண்டித்த மறுநாள் செய்து வைத்ததும் வேறு கதை.) ஒருவருக்குக் கிடைத்தது, ஒருவருக்குக் கிடைக்கவில்லை என்று மேலோட்டமாகப் பார்த்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம்.

பா.ஜ.க.வின் அன்றைய எடாவா மக்களவை உறுப்பினர் ராம் சங்கர் கட்டேரியாவின் விஷயமும் இப்படித்தான். 2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை ஆக்ராவில் அவருக்கு இரண்டாண்டு விதிக்கப்பட்டது, ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை அதே ஊர் அமர்வு நீதிமன்றம் தடை கொடுத்தது. ராகுல் காந்திக்குத் தடை கிடைக்க நான்கரை மாதம் ஆனதே என்று கேட்கிறார்கள். சனிக்கிழமை தீர்ப்பு வருகிறது என்றால், அனுபவமுள்ள வழக்கறிஞர் வெள்ளிக்கிழமை இரவே மேல்முறையீட்டு மனுவைத் தட்டச்சு செய்து, தண்டனையின் அளவு எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டுவைத்திருப்பார். தீர்ப்பு வாசிக்கப்பட்டவுடன் இளையவர் ஒருவர் நகல் வாங்க நின்றுகொண்டிருப்பார். நானும் இப்படிச் செய்திருக்கிறேன், நான் யாருக்காக வாதாடினேனோ அவர்கள் அரசியல்வாதிகள்கூட அல்லர். ராகுல் காந்தி தரப்பு சூரத்தில் மேல்முறையீடு தாக்கல் செய்ததோ ஏப்ரல் 3 அன்று, பதினொரு நாள் கழித்து. அந்தத் தாமதம் அவர்களுடையது. அதன்பின் அமர்வு நீதிமன்றமும் குஜராத் உயர் நீதிமன்றமும் தடை மறுத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. அவதூறுக் குற்றத்துக்கு உச்சபட்சத் தண்டனையான இரண்டாண்டை விதித்ததற்கு விசாரணை நீதிமன்றம் காரணமே சொல்லவில்லை, ஒரு நாள் குறைத்திருந்தாலும் பதவி போயிருக்காது என்று உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. அங்கே கேள்வி இருக்கிறது. ஆனால் கட்டேரியாவின் இரண்டு நாளை வைத்து எதையும் நிறுவ முடியாது.

சட்டத்தில் இன்னொரு சிறு வாசலும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தகுதியிழப்புக் காலத்தைக் குறைக்கும் அதிகாரத்தை 11ஆவது பிரிவு தேர்தல் ஆணையத்துக்குத் தந்திருக்கிறது. ஊழல் வழக்கில் ஓராண்டு சிறை சென்று 2018இல் வெளிவந்த பிரேம் சிங் தமாங், 2019இல் சிக்கிம் முதல்வரானார். அந்த ஆண்டு செப்டம்பரில் அவருடைய ஆறாண்டுத் தகுதியிழப்பை ஆணையம் ஓராண்டு ஒரு மாதமாகக் குறைத்தது. சட்டம் அனுமதித்ததுதான். எத்தனை பேருக்கு அந்த வாசல் திறந்தது என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் இதுவரை சொன்னதெல்லாம் தண்டனை பெற்றவர்களைப் பற்றியது. பாரபட்சத்தின் பெரும்பகுதி அதற்கு வெகுமுன்பே, வழக்கு தண்டனை வரைக்கும் வருமா வராதா என்ற இடத்தில் நிகழ்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பழகிய தடம் உண்டு. ஆட்சி மாறியதும் முந்தைய அமைச்சர் மீது லஞ்ச ஒழிப்புத் துறை சொத்துக் குவிப்பு வழக்கு தொடுக்கும், வழக்கு இழுத்துக்கொண்டே போகும், மறுபடி ஆட்சி மாறி அவர் அமைச்சரானதும் அதே துறை "மேல் விசாரணை" நடத்தி, குற்றத்துக்கு ஆதாரமில்லை என்று அறிக்கை கொடுக்கும். 2023 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமாக முன்வந்து மறுஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வழக்குகளின் பட்டியலைப் பாருங்கள். தி.மு.க.வின் தங்கம் தென்னரசு, கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன் ஆகியோரும் அதில் இருந்தார்கள், அ.தி.மு.க. ஆட்சியில் அமைச்சர்களாக இருந்த ஓ. பன்னீர்செல்வமும் பா. வளர்மதியும் இருந்தார்கள். பன்னீர்செல்வம் மீதான வழக்கு 2006இல் தி.மு.க. ஆட்சியில் பதிவாகி, 2012இல் அ.தி.மு.க. ஆட்சியில் விடுவிப்பில் முடிந்த ஒன்று. தென்னரசு, ராமச்சந்திரன் வழக்குகள் அதன் கண்ணாடிப் பிம்பங்கள். 2024இல் உயர் நீதிமன்றம் இந்த விடுவிப்புகளை ரத்து செய்தது, பின்னர் உச்ச நீதிமன்றத்தில் தடை பெறப்பட்டது. அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்பது இன்னமும் தீர்க்கப்படாத கேள்வி, அதில் நான் கருத்துச் சொல்லமாட்டேன். ஒரே துறை, ஒரே ஆவணங்களை வைத்துக்கொண்டு இரண்டு ஆட்சியில் இரண்டு முடிவுக்கு வந்தது மட்டும் ஏட்டில் இருக்கிறது.

மத்தியில் இதே விளையாட்டு பெரிய மைதானத்தில் நடக்கிறது. 2015 ஏப்ரல் முதல் 2025 பிப்ரவரி வரை அரசியல்வாதிகள் மீது அமலாக்கத் துறை 193 வழக்குகள் பதிந்திருப்பதாகவும், அவற்றில் இரண்டில் மட்டுமே தண்டனை கிடைத்திருப்பதாகவும் அரசே மாநிலங்களவையில் சொன்னது. இந்த வழக்குகளில் சிக்கியவர்களில் கட்சி மாறியவர் யார், மாறியபின் வழக்கு தூங்கியது எத்தனை என்பதை ஆராய்ந்து பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன, எதிர்க்கட்சிகள் பேசிவருகின்றன. உறுதியானது அந்த இரண்டு எண்கள். கோப்பு ஏன் தூங்கியது என்பதற்கு ஆதாரம் கோப்பிலேயே இருப்பது அபூர்வம், அதனால் நோக்கத்தைப் பற்றி உறுதியாகப் பேசுகிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்துடனே கேட்பேன். ஆனால் 193 வழக்குகளில் தண்டனை இரண்டே என்னும்போது, சோதனையும் கைதும் அவற்றைச் சுற்றிய தலைப்புச் செய்தியுமே தண்டனையாகிவிடுகின்றன.

இங்கேதான் என் பழைய தொழில் வருகிறது. இரவுப் பணியில் நான் சேர்ந்த இரண்டாவது ஆண்டு, ஒரு நகராட்சித் தலைவர் விடுதலையான செய்தி மாவட்ட நிருபரிடமிருந்து வந்தது. ஒன்பது ஆண்டுக்கு முன் அவர் கைதானபோது எங்கள் பத்திரிகை முதல் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்தில், போலீஸ் வேனில் ஏறும் படத்துடன் வெளியிட்டிருந்தது. விடுதலைச் செய்திக்கு ஏழாம் பக்கத்தில், அணைகளின் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில், ஒற்றைப் பத்தி இடம் கிடைத்தது. படம் போடலாமா என்று கேட்டேன். கோப்பில் அவருடைய படமாக இருந்தது ஒன்றே ஒன்று, அதே வேன் படம். "முகத்தை மட்டும் வெட்டிப் போடுப்பா" என்றார் தலைமைத் துணை ஆசிரியர். வெட்டிய பிறகும் தோளில் ஒரு காவலரின் கை தெரிந்தது. மறுநாள் அப்படியே வெளிவந்தது. எவருக்கும் அவர் மேல் பகை இல்லை, எந்தக் கட்சியும் தொலைபேசியில் அழைக்கவில்லை. கைது என்பது சம்பவம், அதில் ஆட்களும் வேனும் ஓட்டமும் உண்டு. விடுதலை என்பது நூற்றுக்கணக்கான பக்கம் கொண்ட ஒரு காகிதக் கட்டு. இரவு பதினொரு மணிக்கு எது முதல் பக்கத்துக்குப் போகும் என்பதை ஊகிக்கக் கட்சி அட்டை தேவையில்லை.

அலைக்கற்றை வழக்கில் இதே கணக்கு நாடளவில் நடந்தது. கணக்குத் தணிக்கையாளர் அனுமானித்த பல இழப்பு எண்களில் மிகப் பெரியதான 1.76 லட்சம் கோடி, தலைப்புகளில் இழப்பாகவும் இல்லாமல் கொள்ளைத் தொகையாகவே மாறிப்போனது. சி.பி.ஐ. தன் குற்றப்பத்திரிகையில் சொன்ன சுமார் 30,984 கோடி என்ற எண் தெருவுக்கு வரவேயில்லை. தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த ஆ. ராசா 2011 பிப்ரவரி 2 அன்று கைதானார். 2017 டிசம்பர் 21 அன்று நீதிபதி ஓ.பி. சைனி அனைவரையும் விடுவித்தார், அன்றைக்கு ஆர்.கே. நகரில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது. ஒரு தொலைக்காட்சியில் தீர்ப்பே முழுநாள் செய்தியாக ஓடியது, வேறொன்றில் வாக்குச்சாவடி வரிசை ஓடியது. எது எந்தக் கட்சியைச் சார்ந்த தொலைக்காட்சி என்று தமிழ்நாட்டில் ரிமோட்டை வைத்திருக்கும் எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. இதில் இரு தரப்பும் மறைப்பது ஒன்று உண்டு. 122 உரிமங்களையும் உச்ச நீதிமன்றம் 2012இலேயே தன்னிச்சையாக வழங்கப்பட்டவை என்று ரத்து செய்தது, ஆகவே விடுதலைத் தீர்ப்பு அந்த ஒதுக்கீட்டை முறையானதாக்கிவிடவில்லை. விடுதலையை எதிர்த்த சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றது.

உங்கள் கட்சிப் பற்று கண்ணை மறைக்கிறதா என்ற கடைசிக் கேள்விக்கு என் பதில், ஓரளவு மறைக்கிறது, எனக்கும் மறைக்கிறது. ராம்பூர் உங்கள் நினைவில் இருக்கிறது, திருக்கோயிலூரில் எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் தேட வேண்டியிருக்கும், வேறு கட்சிக்காரருக்கு இது தலைகீழாக இருக்கும். ஆனால் அதற்காக எல்லாக் கட்சியும் ஒன்றே என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போவதற்கும் நான் உடன்படமாட்டேன். மாநிலத்தில் ஆள்பவரிடம் ஒரு லஞ்ச ஒழிப்புத் துறையும் ஓர் அவைச் செயலகமும்தான் இருக்கின்றன. மத்தியில் ஆள்பவரிடம் அமலாக்கத் துறை, சி.பி.ஐ., வருமான வரித் துறை, மக்களவைச் செயலகம் எல்லாம் இருக்கின்றன, ஆளுநர்களும் இருக்கிறார்கள். கை எவருடையதாக இருந்தாலும், நீளமான கையின் குற்றத்தைக் கூடுதலாகக் கவனிப்பதைப் பாரபட்சம் என்று நான் கருதவில்லை.

ராம்பூர் வழக்குக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. பதவி பறிக்கக் காரணமான அதே வெறுப்புப் பேச்சு வழக்கில், 2023 மே 24 அன்று அமர்வு நீதிமன்றம் ஆசம் கானை விடுவித்தது. (அவ்வாண்டு அக்டோபரில் மகனின் பிறப்புச் சான்றிதழ் வழக்கில் ஏழாண்டு தண்டனை பெற்றார் என்பதால், எப்படியும் பதவி நிலைத்திருக்காது என்று சிலர் சொல்வது உண்மையே.) விடுதலையான அந்த மே மாதத்தில், ராம்பூரின் புதிய உறுப்பினர் பதவிக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர் வென்ற தேர்தல் செல்லும், ஆசம் கானின் விடுதலையும் செல்லும், நடுவில் போன இடத்தைத் திருப்பிக் கொடுக்க 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை.